விதைக்காத வயலுக்கும் மானியம்: டெக்சஸ் வார்ட்டன் கவுண்டியில் நிலக்காரரும் குத்தகை உழவரும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகருக்குத் தென்மேற்கே வார்ட்டன் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கிறது. நாற்பதாயிரத்துச் சொச்சம் மக்கள், வார்ட்டன், எல் கேம்போ என்ற இரண்டு சிறு நகரங்கள், இவற்றைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நெல் விளைந்த ஊர் இது. 2006 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எல் கேம்போவிலிருந்து ஒரு செய்தியை வெளியிட்டது. அங்கே முன்பு நெல் வயலாக இருந்த இடத்தில் ஒருவர் பெரிய வீடு கட்டிக் குடியேறியிருந்தார். அவர் உழவர் அல்லர். உழவராகும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆனாலும் அவருடைய 18 ஏக்கர் மனைக்கு அரசு ஆண்டுதோறும் சுமார் 1,300 டாலர் பண்ணை மானியம் அனுப்பிவந்தது. என்றோ ஒரு காலத்தில் அந்த மண்ணில் நெல் விளைந்தது என்பது மட்டுமே காரணம்.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பொய்க் கணக்கு காட்டவில்லை. சட்டம் அவருக்குக் கொடுக்கச் சொன்னது, அரசு கொடுத்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு நாடு முழுவதும் பயிரே செய்யாதவர்களுக்கு இப்படிப் போன தொகை குறைந்தது 130 கோடி டாலர் என்று அந்த நாளிதழ் கணக்கிட்டது. செய்தியைப் படித்தவர்கள் கொதித்தார்கள். கொதிப்பு முழுவதும் பணம் வாங்கிய வீட்டுக்காரர்கள் மேல் போயிற்று. இதே சட்டத்தால் வயலை இழந்தவர்களைப் பற்றிய பேச்சு அதற்குள் அமுங்கிவிட்டது. இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது: நிலம் சொந்தமில்லாமல், குத்தகைக்கு எடுத்து நெல் விளைவித்த வார்ட்டன் பகுதி உழவர்கள்.

மண், ஆறு, மாடு

வார்ட்டன், அதன் மேற்புறத்து கொலராடோ கவுண்டி, கடலோரத்து மட்டகோர்டா ஆகிய மூன்றும் ஒரே நெல் வட்டாரம். கனத்த களிமண், தேக்கிய நீர் கீழே இறங்காது. டெக்சஸின் கொலராடோ ஆறு (மலைப் பள்ளத்தாக்குகளுக்குப் பேர்போன மேற்கத்திய கொலராடோ வேறு) நடுவே ஓடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்று நீரை இறைத்து வாய்க்கால்களில் விட்டபோது இந்த மேய்ச்சல் வெளி நெல் வெளியாயிற்று. ஹியூஸ்டனுக்கு அருகே வெப்ஸ்டரில் சைபாரா சேய்டோ என்ற ஜப்பானியர் 1904 வாக்கில் தன் நாட்டு நெல்விதையைக் கொண்டுவந்து பயிரிட்டதும், அதன் மகசூல் அக்கம்பக்கத்தாரைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் டெக்சஸ் நெல் வரலாற்றின் தொடக்க அத்தியாயம்.

இங்கே வசந்தத்தில் விதைத்து ஜூலை, ஆகஸ்டில் முதல் அறுவடை. நீளமான கோடை இருப்பதால் அறுத்த தாளிலிருந்தே மறுதாம்பு விட்டு, இலையுதிர் காலத்தில் இன்னொரு அறுவடை எடுத்துவிடலாம். மறுதாம்புதான் பல உழவர்களுக்கு லாபம் தரும் பயிர். ஒரே வயலில் ஆண்டுதோறும் நெல் வைப்பதில்லை. ஓராண்டு நெல், அடுத்த ஓரிரண்டு ஆண்டு நிலம் கிடக்கும், மாடு மேயும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பனிவாத்துகள் அறுவடையான வயல்களில் இறங்கும். அவற்றை வேட்டையாட வருபவர்கள் நிலக்காரருக்குத் தனியாக வாடகை தருவார்கள்.

இந்த மேய்ச்சலையும் வேட்டை வாடகையையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார்ட்டன் போன்ற இடத்தில் நிலக்காரருக்கு நெல் இல்லாமலும் வருமானம் வர வழி இருக்கிறது. நெல் உழவருக்கோ நெல்லைவிட்டால் போக்கிடம் இல்லை. டிராக்டர், அறுவடை எந்திரம், இறைப்புப் பம்பு என்று பல லட்சம் டாலர் கடனில் நிற்பவர் அவர். பெரும்பாலும் நிலம் அவருடையது அல்ல. அமெரிக்க வேளாண் துறை 2014இல் எடுத்த கணக்குப்படி நாட்டின் பண்ணை நிலத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு வாடகைக்கு விடப்பட்டது. அதிலும் ஐந்தில் நான்கு பங்கு, தாம் பயிர் செய்யாத உரிமையாளர்களின் நிலம். நெல் வட்டாரங்களில் குத்தகை இன்னும் கூடுதல். தாத்தா உழுத நிலத்தைப் பேரப்பிள்ளைகள் ஹியூஸ்டனிலோ டல்லஸிலோ இருந்துகொண்டு பங்குபோட்டு வைத்திருப்பது அங்கே சாதாரணம்.

உரிமை உழுபவரிடமிருந்து மண்ணுக்கு மாறிய கதை

அமெரிக்கப் பண்ணை மானியத்தின் வேர் 1933ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்துவது அதன் நோக்கம். ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ளூர் உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு அமைந்தது. யாருக்கு எவ்வளவு பரப்பு, யார் தகுதியானவர் என்பதையெல்லாம் அந்தக் குழுதான் பார்த்தது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. வேளாண் துறையின் கவுண்டி அலுவலகத்துக்குப் போனால் ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண், அதற்குள் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் எண், அந்த நிலத்தின் அடிப்படை ஏக்கர் (மானியத்தைக் கணக்கிடப் பதிந்த பரப்பு), மானியத்துக்கான மகசூல் எல்லாம் ஒரே தாளில் அச்சாகி வரும். நம் ஊரில் பட்டாவும் அடங்கலும் சேர்ந்த கணக்கு என்று கொள்ளலாம்.

1970கள் வரை நெல்லுக்குப் பரப்பு ஒதுக்கீடு நடைமுறையில் இருந்தது. ஒதுக்கீடு இல்லாமல் நெல் வைத்தால் அபராதம். இதில் டெக்சஸுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆர்கன்சா போன்ற மாநிலங்களில் ஒதுக்கீடு பண்ணையோடு, அதாவது நிலத்தோடு ஒட்டியிருந்தது. டெக்சஸில் அது பயிர் செய்பவரின் பெயரில் இருந்தது. குத்தகைதாரர் இந்த நிலத்தை விட்டு அந்த நிலத்துக்குப் போனால் ஒதுக்கீடும் கூடவே போகும். அதனால் பேரம் பேசும்போது அவர் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது. நிலம் உன்னிடம், நெல் வைக்கும் உரிமை என்னிடம்; இருவரும் சேர்ந்தால்தான் அறுவடை.

1981ஆம் ஆண்டுச் சட்டம் நெல் ஒதுக்கீட்டை ஒழித்தது. அதற்கு முன்பே, 1970களின் நடுவிலிருந்து, சந்தை விலை குறைந்தால் இலக்கு விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அரசு ஈடுகட்டும் முறை நெல்லுக்கு வந்திருந்தது. யாருக்கு எவ்வளவு ஈடு என்பதைக் கணக்கிட ஒரு பரப்பு வேண்டுமே. முந்தைய ஆண்டுகளில் பயிரான பரப்பை எடுத்து, அதை அந்த நிலத்தின் 'அடிப்படை ஏக்கர்' என்று பதிந்தார்கள். அலுவலகப் பார்வையில் இது ஒரு கணக்கு வசதி. மனிதர்கள் இடம் மாறுவார்கள், இறப்பார்கள். நிலம் அங்கேயே இருக்கும், நிலத்தோடு கோப்பைக் கட்டுவது எளிது. வார்ட்டன் குத்தகைதாரருக்கோ அதன் பொருள் வேறு. அவரும் அவர் தந்தையும் பத்து, இருபது ஆண்டுகள் சேற்றில் நின்று சம்பாதித்த வரலாறு, அன்றைய தேதியில் அந்த நிலம் யாருடையதோ அவருடைய சொத்தாயிற்று.

அப்போது இது பெரிதாக வலிக்கவில்லை. ஈட்டுத்தொகை வாங்க, சில விலக்குகள் நீங்கலாக, பயிர் வைத்தாக வேண்டும். பயிர் வைக்க உழவர் வேண்டும். நிலக்காரர் அவரை விட்டுவிட முடியாது.

1996

அந்தக் கடைசிக் கட்டை அவிழ்த்தது 1996 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையெழுத்திட்ட பண்ணைச் சட்டம். கன்சாஸைச் சேர்ந்த பாட் ராபர்ட்ஸ் அப்போது பிரதிநிதிகள் அவையின் வேளாண் குழுத் தலைவர். சட்டத்தின் சிற்பி அவர்தான். எந்தப் பயிரை எவ்வளவு வைப்பது என்று வாஷிங்டன் உழவருக்குச் சொல்லக்கூடாது. அவர் சந்தையைப் பார்த்து முடிவெடுக்கட்டும். பழைய மானியத்துக்குப் பதில் ஏழு ஆண்டுகள் குறைந்துகொண்டே போகும் தொகையைக் கொடுத்து மெல்ல விடுவித்துவிடுவோம் என்பது அவருடைய வாதம். ஏழு ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 3,560 கோடி டாலர். தொகை பழைய அடிப்படை ஏக்கருக்குக் கணக்கிட்டுத் தரப்படும். பயிர் வைத்தாலும் தரப்படும், வைக்காவிட்டாலும் தரப்படும்.

இதற்கு வெளியிலிருந்தும் ஒரு உந்துதல் இருந்தது. 1994இல் முடிவான உலக வர்த்தக ஒப்பந்தத்தின் வேளாண் பிரிவு, எந்த மானியத்துக்கு வரம்பு இல்லை என்பதை வரையறுத்தது. விளைச்சலோடு தொடர்பில்லாத வருமான உதவிக்கு வரம்பு இல்லை. அப்படிப்பட்ட உதவியைப் பெற உற்பத்தி எதுவும் கட்டாயமாக இருக்கக்கூடாது என்பதும் அதே பத்தியில் நிபந்தனையாக எழுதப்பட்டது. விளைச்சலைத் தூண்டும் மானியம் உலகச் சந்தையில் விலையைக் கெடுத்து ஏழை நாட்டு உழவரை நசுக்குகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது; அதற்கான விடையாகவே இந்த விதி வந்தது. ஆக, விதைக்காதவருக்கும் பணம் போகும் என்பது சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்த அம்சம்.

நான் இந்த நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. உற்பத்தியிலிருந்து மானியத்தைப் பிரிக்கலாம். பிரித்த பிறகு அதை யாரிடம் கொடுப்பது என்பது இன்னொரு கேள்வி. ஒரு வழி, இத்தனை நாள் பயிர் செய்து பழைய மானியத்தை நம்பியிருந்த மனிதரிடம் கொடுப்பது. மற்றது, மண்ணோடு கட்டிவிடுவது. அமெரிக்க நாடாளுமன்றம் மண்ணைத் தேர்ந்தெடுத்தது.

1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. தானிய விலைகள் சரிந்தன. படிப்படியாகக் குறைவதாக இருந்த தொகைக்கு மேல் ஆண்டுதோறும் அவசர உதவி சேர்ந்துகொண்டே போயிற்று. 2000ஆம் ஆண்டில் உழவர்களுக்கான அரசுத் தொகைகள் 2,200 கோடி டாலரைத் தாண்டின. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடைக்கால ஏற்பாட்டையே நிரந்தரமாக்கி 'நேரடித் தொகை' என்று பெயர் வைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர்.

ஒரு பண்ணையின் கணக்கு

2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் நெல்லுக்கான நேரடித் தொகை, நூறு பவுண்டுக்கு (45 கிலோ சொச்சம்) 2.35 டாலர். மக்காச்சோளத்துக்கு ஒரு புஷலுக்கு (தானிய அளவு, 25 கிலோ சொச்சம்) 28 சென்ட், கோதுமைக்கு 52 சென்ட். ஏக்கர் கணக்கில் பார்த்தால் நெல்தான் மற்றவற்றைவிட வெகு உயரத்தில் நின்றது. அடிப்படை ஏக்கரில் 85 விழுக்காட்டுக்குத் தொகை உண்டு. பதிவான மகசூல் ஏக்கருக்கு 48 நூறு-பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு சுமார் 96 டாலர் வருகிறது.

300 அடிப்படை ஏக்கர் உள்ள ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 300இல் 85 விழுக்காடு 255, அதை 48ஆல் பெருக்கினால் 12,240, அதை 2.35ஆல் பெருக்கினால் 28,764 டாலர். இது ஓராண்டுத் தொகை. கண்டிப்பாக வரும் தொகை. மழை பொய்த்தாலும் புயல் அடித்தாலும் விலை வீழ்ந்தாலும் வரும்.

இந்த 28,764 டாலர் யாருக்கு? குத்தகை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. ரொக்கக் குத்தகை என்றால் முழுத் தொகையும் பயிர் செய்பவருக்கு. வாரக் குத்தகை, அதாவது விளைச்சலைப் பங்குபோடும் குத்தகை என்றால், விளைச்சலைப் பிரிக்கும் அதே விகிதத்தில் மானியமும் பிரியும்; பாதிக்குப் பாதி என்றால் ஆளுக்கு 14,382. குத்தகைதாரரே இல்லாமல் நிலக்காரரே பண்ணையை நடத்துவதாகப் பதிந்துகொண்டால் முழுவதும் நிலக்காரருக்கு. நடத்துவது என்றால் நெல் வைக்க வேண்டும் என்பதில்லை. புல்லை வளரவிட்டு நாலு மாடு மேய்த்தால் போதும். நிலத்தைச் சும்மா போட்டுக் களை அண்டாமல் பார்த்துக்கொண்டாலும் போதும்.

நிலக்காரரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வாரக் குத்தகையில் அவர் தண்ணீர், உரம் போன்ற செலவுகளில் பங்கேற்க வேண்டும். நெல் விலை வீழ்ந்தால் அவரும் அடிபடுவார். குத்தகைதாரர் போய்விட்டால் மானியம் முழுவதும் கைக்கு வருகிறது, மேய்ச்சல் வருமானம் வருகிறது, வேட்டைக்காரர்களின் வாடகையும் தடையில்லாமல் தொடரலாம். செலவு இல்லை, கவலை இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட சிலர் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. புதுப்பித்தவர்கள், நான் நினைத்தால் உன்னை விட்டுவிடலாம் என்ற பலத்தோடு பேரம் பேசினார்கள். ரொக்கக் குத்தகை வாங்கியவர்கள் வாடகையை ஏற்றினார்கள்.

சட்டத்தில் குத்தகைதாரரின் நலனைக் காக்க வேளாண் அமைச்சர் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற வாசகம் இருந்தது. தொகையைப் பங்கிடுவதில் அநியாயம் நடந்தால் கவுண்டி குழு தலையிட முடியும். குத்தகையே முடிந்துவிட்டால் தலையிட என்ன இருக்கிறது? ஆண்டுக்கு ஆண்டு வாய்மொழியாகவோ ஒற்றைத் தாளிலோ நடக்கும் குத்தகையை அடுத்த ஆண்டும் கொடு என்று நிலக்காரரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை.

நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்த ஒரு புகழ்பெற்ற பொருளியல் ஆய்வு, மானியமாக வரும் ஒரு டாலரில் சுமார் 25 சென்ட் வாடகை உயர்வாக நிலக்காரருக்குப் போகிறது என்று 2009இல் கண்டது. முழுவதும் போய்விடும் என்று பாடநூல்கள் எதிர்பார்த்ததால் 25 சென்ட் பரவாயில்லை என்று சிலர் ஆறுதல் அடைந்தார்கள். நிலத்திலேயே தொடர்ந்து இருந்தவர்களின் கணக்கு அது. வெளியேற்றப்பட்டவருக்கு வாடகை உயரவில்லை. அவருக்கு வாடகைக்கு நிலமே இல்லை.

ஒருவர் விட்டால் ஊரே தளரும்

டெக்சஸில் 1981இல் ஏறத்தாழ 5.8 லட்சம் ஏக்கரில் நெல் இருந்தது. 2005இல் அது இரண்டு லட்சம் ஏக்கராகச் சுருங்கியிருந்தது. மாநிலத்தின் நெல் அடிப்படை ஏக்கரில் பாதிக்கும் குறைவான பரப்பில்தான் உண்மையில் நெல் நின்றது. மீதிப் பரப்புக்கும் தொகை போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சரிவுக்கு மானியச் சட்டம் ஒன்றையே காரணமாக்குவது நேர்மையாகாது. கியூபா ஒரு காலத்தில் அமெரிக்க நெல்லின் பெரிய சந்தை. தடை வந்து அது போயிற்று. 1980களின் கடைசியில் இராக் பெருமளவில் வாங்கியது. 1990இல் அதுவும் மூடியது. தண்ணீர் விலை, டீசல் விலை, ஆர்கன்சாவின் மலிவான நிலத்தடி நீரோடு போட்டி, ஹியூஸ்டனின் வளர்ச்சி எல்லாம் சேர்ந்தவைதான். ஆனால் நெல்லைக் கைவிட்டாலும் நெல்லுக்கான பணம் நிற்காது என்ற விதி, தயங்கி நின்ற நிலக்காரரை ஒரு பக்கம் தள்ளிவிட்டது. மற்ற மாநிலங்களைவிட டெக்சஸ் கடலோரத்தில் இது கடுமையாகத் தாக்கியதற்குக் காரணம், மேலே சொன்ன மாடும் மேய்ச்சலும் வேட்டை வாடகையும்தான்.

நெல் தனியாள் பயிர் அல்ல. வாய்க்காலைப் பராமரிக்கும் செலவை எத்தனை பேர் பகிர்கிறார்களோ அந்த அளவுக்கு ஒருவருக்கு விழும் சுமை குறையும். நெல் உலர்த்தும் நிலையத்துக்குக் குறிப்பிட்ட அளவு நெல் வந்தால்தான் அது ஓடும். பரப்பு குறைந்தபோது உலர்த்து நிலையங்களும் ஆலைகளும் குறைந்தன. மீந்த உழவருக்குச் செலவு ஏறியது. விதை விற்றவர், வானூர்தியில் உரம் தெளித்தவர், எந்திரம் பழுதுபார்த்தவர் என்று எல்லோருக்கும் வேலை சுருங்கியது. இவர்கள் யாருடைய பெயரிலும் அடிப்படை ஏக்கர் இல்லை. மானியம் கவுண்டிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அது ஊர்க் கடைத்தெருவில் சுற்றிவருவது குறைந்தது. வெளியூர் நிலக்காரரின் காசோலை அவர் இருக்கும் நகரத்து வங்கிக்குப் போகிறது.

பனிவாத்துகளும் குறைந்தன. நெல் வயலின் நீரும் சிந்திய தானியமும் இல்லாத இடத்துக்கு அவை ஏன் வர வேண்டும்?

இதற்கிடையே நிலத் தரகர்களும் மனை வணிகர்களும் வந்தார்கள். பழைய நெல் வயலைப் பத்துப் பதினைந்து ஏக்கர் துண்டுகளாக்கி, வீடு கட்டி நாலு மாடு வளர்த்துக்கொள்ளலாம், அரசு மானியமும் வரும் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். உள்ளூரில் இத்தகைய மனைக்கு 'கௌபாய் தொடக்கத் தொகுப்பு' என்ற பெயரே ஏற்பட்டது. மானியம் வரும் நிலம் என்பதால் விலை கூடியது. நிலம் வாங்கிச் சொந்தமாகப் பயிர் செய்ய நினைத்த இளம் உழவர் அந்த விலைக்கும் எதிரே நிற்க வேண்டியதாயிற்று.

காய்கறிக்குத் தடை

இந்தச் சட்டத்தில் எனக்கு ஏற்கவே முடியாத பகுதி ஒன்று உண்டு. அடிப்படை ஏக்கரில் எதையும் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம் என்று சொன்ன சட்டம், பழமும் காய்கறியும் மட்டும் வைக்கக்கூடாது என்றது. கலிபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் காய்கறி உழவர்கள் மானியம் இல்லாமல் பயிர் செய்பவர்கள். மானியம் வாங்குபவர்கள் தங்களோடு போட்டிக்கு வரக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. அதில் நியாயம் உண்டு. விளைவு என்ன ஆயிற்று? ஒரு குத்தகைதாரர் நெல்லில் நட்டம் கண்டு தர்பூசணியோ தக்காளியோ வைக்க நிலம் கேட்டால், கொடுக்கும் நிலக்காரர் மானியத்தை இழப்பார். நிலத்தைத் தரிசாகப் போட்டால் இழக்க மாட்டார். உழைப்புக்குத் தண்டனை, சும்மா இருப்பதற்குச் சன்மானம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதைவிட, இந்தத் தடையே அமெரிக்காவுக்கு உலக வர்த்தக அமைப்பில் வினையாயிற்று. பருத்தி மானியத்தை எதிர்த்து பிரேசில் தொடுத்த வழக்கில், இந்தத் தொகை விளைச்சலோடு தொடர்பில்லாதது, அதனால் வரம்பற்றது என்று அமெரிக்கா வாதாடியது. பழம், காய்கறிக்குத் தடை இருப்பதால் அதை முழுவதும் தொடர்பற்றது என்று ஏற்க முடியாது என 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது. எந்த வரம்பைத் தவிர்ப்பதற்காக விதைக்காதவருக்கும் பணம் கொடுக்கத் தொடங்கினார்களோ, அந்த நோக்கமும் நிறைவேறவில்லை.

வேறு வழி தெரியாமலா?

அப்போது வேறு வழி தெரியவில்லை என்று சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் அதே சட்டத்தில் நிலக்கடலைக்கு வேறு முறை. பழைய நிலக்கடலை ஒதுக்கீட்டை ஒழித்தபோது, ஒதுக்கீட்டு உரிமையாளருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு விடுப்புத் தொகை கொடுத்தார்கள். புதிய அடிப்படை ஏக்கரை உண்மையில் கடலை பயிரிட்டு வந்தவருக்குக் கொடுத்தார்கள். அதை எந்தப் பண்ணையில் சேர்ப்பது என்பதையும் அவர்தான் முடிவு செய்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2004இல், புகையிலை ஒதுக்கீட்டை ஒழித்தபோதும் அப்படியே: உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், பயிர் செய்தவருக்கு 3 டாலர், பத்து ஆண்டுத் தவணை, அதோடு முடிந்தது. 2014இல் கடைசித் தவணை கொடுத்துக் கணக்கை மூடினார்கள்.

உரிமையாளர் வேறு, உழுபவர் வேறு. இருவருக்கும் தனித்தனியே இழப்பு உண்டு என்பது நாடாளுமன்றத்துக்குத் தெரிந்தே இருந்தது. கடலைக்கும் புகையிலைக்கும் காட்டிய அந்தக் கவனத்தில் ஒரு பங்கையாவது நெல்லுக்குக் காட்டியிருந்தால் வார்ட்டன் குத்தகைதாரரின் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

தணிக்கையும் திருத்தமும்

2006 செய்திக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்குத் தணிக்கை அலுவலகம் அடுத்தடுத்து அறிக்கைகள் தந்தது. 1999 முதல் 2005 வரை இறந்துபோன 1,72,801 பேரின் பெயரில் 110 கோடி டாலர் போயிருந்தது என்று 2007இல் ஓர் அறிக்கை. வாரிசுச் சிக்கல் தீரும் வரை சொத்தின் பெயரில் தொகை போவதைச் சட்டம் அனுமதித்திருந்ததால் இதில் எல்லாமே முறைகேடு அல்ல. ஆனால் அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, இறந்து ஏழு ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்களின் பெயரில் போயிருந்தது. 2012 அறிக்கைதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. 2003 முதல் 2011 வரை கொடுத்த நேரடித் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 1,060 கோடி டாலர், எந்தப் பயிரின் பெயரால் கொடுக்கப்பட்டதோ அந்தப் பயிரை அந்த ஆண்டு வைக்காதவர்களுக்குப் போயிருந்தது.

2008ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டைகளில் சிலவற்றை அடைத்தது. அடிப்படை ஏக்கர் பத்துக்கு மேல் இல்லாத பண்ணைகளுக்கு, சில விதிவிலக்குகளோடு, தொகை நின்றது. வீட்டுமனைகளாகப் பிரிந்த நிலத்தின் அடிப்படை ஏக்கரும் குறைக்கப்பட்டது. செய்தித்தாளைப் படித்துக் கொதித்தவர்களுக்கு இது பதில். குத்தகைதாரருக்கு இதில் எதுவும் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011இன் கொடும் வறட்சிக்குப் பிறகு, 2012 மார்ச்சில் ஆற்றின் மேற்பகுதி ஏரிகள் இரண்டிலும் சேர்த்து நீர் இருப்பு 8,50,000 ஏக்கர்-அடிக்குக் (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) கீழே இருந்ததால், கீழ்க் கொலராடோ ஆற்று ஆணையம் தன் வரலாற்றில் முதல் முறையாகப் பெரும்பாலான நெல் உழவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தியது. ஆஸ்டின் நகரத்துக் குடிநீர் முன்னே, கடைமடை நெல் பின்னே. 2015 வரை நான்கு பருவம் இப்படிப் போயிற்று. பழமையான நீருரிமை உள்ள கார்வுட் பகுதி மட்டும் தப்பித்தது. அந்த ஆண்டுகளில் விதைக்காவிட்டாலும் வரும் தொகை, சொந்த நிலம் வைத்திருந்த உண்மையான உழவரைக் கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றியது. விதைத்தால்தான் பணம் என்றிருந்தால் தண்ணீர் மறுக்கப்பட்டவர் இரண்டு முறை தண்டிக்கப்பட்டிருப்பார். விதைப்பைக் கட்டாயமாக்கிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பணத்தை யார் பெயரில் எழுதுவது என்பதே என் கேள்வி.

2014 பிப்ரவரியில் வந்த சட்டம் நேரடித் தொகையை ஒழித்தது. அதன் இடத்தில், நெல் விலை நூறு பவுண்டுக்கு 14 டாலருக்குக் கீழே போனால் இடைவெளியை ஈடுகட்டும் திட்டம் வந்தது. சந்தை நன்றாக இருக்கும் ஆண்டில் பணம் போகாது என்பது முன்னேற்றம். ஆனால் ஈடு கணக்கிடப்படுவது இன்னமும் அடிப்படை ஏக்கருக்குத்தான்; அந்த ஆண்டு நெல் வைத்திருக்க வேண்டியதில்லை. பழைய அடிப்படை ஏக்கரை 2009 முதல் 2012 வரை உண்மையில் வைத்த பயிர்களுக்கு ஏற்ப மாற்றி எழுத ஒரு முறை வாய்ப்புக் கொடுத்தார்கள். மாற்றுவதா வேண்டாமா என்று கையெழுத்துப் போடும் உரிமை நில உரிமையாளருக்கு. பயிர் வைத்தவருக்கு அல்ல.

2018ஆம் ஆண்டுச் சட்டம், 2009 முதல் 2017 வரை முழுவதும் புல்லாகவோ தரிசாகவோ கிடந்த பண்ணைகளுக்கு இந்த ஈட்டை நிறுத்தியது. வேண்டுமானால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 18 டாலரில் புல்வெளிப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றது. டெக்சஸ் கடலோரத்தின் பழைய நெல் வயல்களில் நடந்ததை இருபது ஆண்டு கழித்துச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் என்று இதைக் கருதுகிறேன். அதற்குள் வெளியேறிய குத்தகைதாரரின் எந்திரங்கள் ஏலம் போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரவு-செலவுச் சட்டம் நெல்லின் ஆதார விலையை 14 டாலரிலிருந்து 16.90 டாலராக உயர்த்தியது; ஒருவர் ஓராண்டில் பெறக்கூடிய தொகையின் உச்ச வரம்பை 1,55,000 டாலராக்கியது. கூடவே நாடு முழுவதும் மூன்று கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படை ஏக்கர் சேர்க்கவும் வழி செய்தது. 2019 முதல் 2023 வரை எந்தப் பண்ணையில் அடிப்படை ஏக்கரைவிடக் கூடுதலாகப் பயிர் நின்றதோ அந்தப் பண்ணைக்கு அது சேரும். அந்த ஐந்து ஆண்டில் பயிர் வைத்தவர்களில் பெரும் பகுதியினர் குத்தகைதாரர்கள். அவர்கள் விதைத்த பரப்பு இம்முறையும் நிலத்தின் எண்ணுக்கு நேரே பதிவாகிறது. குத்தகை முடியும்போது அது நிலத்தோடு தங்கிவிடும்.